பாட்டு செட் இல்லாத கார் வாங்கலாமா? ஒரு கணக்கு வாத்தியாரின் பதில்

காஞ்சிபுரத்திலிருந்து, அன்பு மாணவச் செல்வங்களுக்கும் உறவினர்களுக்கும்:

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது உங்களுக்குத் தெரியும். அதற்கு முன் 28 சதவீதம், அதன் மேல் செஸ் வேறு. வரி குறைந்த நாளிலிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி கார் பற்றித்தான். பத்தாம் வகுப்பில் வட்டிக் கணக்கு சொல்லிக் கொடுத்த பாவத்துக்கு, இன்றைக்கும் கடன் வாங்குவதற்கு முன் என்னைக் கேட்கிறீர்கள். சந்தோஷம்தான்.

அதில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்று: "சார், எங்கள் பட்ஜெட்டுக்கு வருவது அடிமட்ட மாடல்தான். அதில் பாட்டு செட் இல்லையாம். வாங்கலாமா, இல்லை இன்னும் கொஞ்சம் கடன் போட்டு மேல் மாடலுக்குப் போகலாமா?"

கேட்பவர்களில் பலர் பிள்ளையார்பாளையம், ஓரிக்கை பக்கத்து நெசவுக் குடும்பத்துப் பிள்ளைகள். வீட்டுக்கு வரப்போகும் முதல் கார். முழங்கால் வலிக்காரத் தகப்பனாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும், மழையில் குழந்தைகள் நனையாமல் ஊருக்குப் போய் வர வேண்டும் என்பதற்காக வாங்கும் கார். அவர்களுக்கு இது சின்னக் கேள்வி இல்லை. ஏழு வருஷ மாதத்தவணை சம்பந்தப்பட்ட கேள்வி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். என் வகுப்பில் 45 நிமிடம் பொறுத்தவர்கள்தானே நீங்கள்!

விடையை முதலில் சொல்லிவிடுகிறேன், வழிமுறையைப் பிறகு போடலாம். வாங்கலாம். கூச்சப்படாமல் வாங்கலாம். பாட்டு செட்டை எந்த நாளும் பிறகு மாட்டிக்கொள்ளலாம். பிறகு மாட்ட முடியாத பொருள்கள் காரில் இருக்கின்றன. கண்ணை அவற்றின் மேல் வையுங்கள்.

முதலில் ஒரு விஷயம். பாட்டு செட் இல்லாத கார் ஒன்றும் புது அவமானம் இல்லை. 1983 டிசம்பர் 14 அன்று மாருதி 800 காரின் முதல் சாவியை அன்றைய பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தார். இந்தியாவின் நடுத்தரக் குடும்பங்களைக் காரில் ஏற்றிய வண்டி அது. அதன் சாதாரண மாடலில் பாட்டும் கிடையாது, ஏசியும் கிடையாது. அம்பாசடர், பியட் வைத்திருந்தவர்களும் வேண்டுமென்றால் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போய் கேசட் பிளேயர் மாட்டிக்கொண்டு வந்தார்கள். 2009-இல் வந்த டாடா நானோவின் ஆரம்ப மாடலிலும் இரண்டும் இல்லை. நம் மாவட்டத்திலேயே, ஒரகடம் தொழிற்சாலையில் செய்து 2015-இல் விற்பனைக்கு வந்த ரெனோ க்விட் காரின் ஸ்டாண்டர்டு மாடலும் அப்படித்தான். மாருதி வேகன் ஆர் எல்எக்ஸ்ஐ, இருங்காட்டுக்கோட்டையில் செய்யும் ஹூண்டாய் கிராண்ட் ஐ10 நியாஸ் எரா, டாடா பஞ்ச் பியூர் என்று பல கம்பெனிகளின் ஆரம்ப மாடல்கள் பாட்டு செட் இல்லாமலேயே வந்து, லட்சக்கணக்கான குடும்பங்களைச் சுமந்திருக்கின்றன.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். 2025 ஏப்ரலில் ஸ்லேட் என்ற புதுக் கம்பெனி ஒரு மின்சார வண்டியைக் காட்டியது. அதில் ஸ்பீக்கரும் கிடையாது, தொடுதிரையும் கிடையாது. ஜன்னல் கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். விலையைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் எதைக் கழற்றலாம் என்று யோசித்து, அவர்கள் கை வைத்ததும் பாட்டு செட்டில்தான். பணக்கார நாட்டிலேயே இந்தக் கணக்கு போடுகிறார்கள் என்றால், நமக்கு என்ன வெட்கம்?

இப்போது கரும்பலகைக்கு வருவோம்.

ஆரம்ப மாடலுக்கும் அடுத்த மாடலுக்கும் ஷோரூம் விலையில் 60,000 ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். "அறுபதாயிரம்தானே சார், மாசத்துக்கு ஆயிரம் ரூபாய்கூட வராது" என்பார் விற்பனைப் பையன். அவர் சொல்லாமல் விட்டது இரண்டு. ஒன்று, சாலை வரி. தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம். அறுபதாயிரத்துக்கு 7,800 ரூபாய். ஆக வித்தியாசம் 67,800. இரண்டாவது, வட்டி. அந்தத் தொகையை 9 சதவீத வட்டியில் 7 வருஷக் கடனாக எடுத்தால் மாதத்தவணை சுமார் 1,090 ரூபாய். 84 மாதத்தில் நீங்கள் கட்டி முடிப்பது சுமார் 91,600 ரூபாய். வண்டியின் மதிப்பு கூடுவதால் இன்சூரன்ஸிலும் கொஞ்சம் ஏறும். அதை நான் சேர்க்கவே இல்லை.

ஆக, அறுபதாயிரம் என்று கேட்டது கையை விட்டுப் போகும்போது தொண்ணூறாயிரத்தைத் தாண்டுகிறது. அதே பாட்டு செட்டை, சாதாரணமாக இரண்டு ஸ்பீக்கரோடு, பத்துப் பதினைந்தாயிரத்துக்குள் வெளியில் மாட்டிவிடலாம். அதுவும் இன்றைக்கே மாட்ட வேண்டும் என்பதில்லை. அடுத்த தீபாவளிக்கு போனஸ் வந்தபின் மாட்டலாம்.

"மேல் மாடலில் பாட்டு மட்டுமா சார் வருகிறது?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. முழு மதிப்பெண். விஷயமே இங்கேதான் இருக்கிறது.

கார் கம்பெனிகள் பாட்டைத் தனியாக விற்பதில்லை. அதோடு வேறு சில பொருள்களைச் சேர்த்துக் கட்டி ஒரே மூட்டையாக விற்கிறார்கள். அந்த மூட்டையை நீங்கள் ஷோரூமிலேயே பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு காகிதத்தை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம், பிறகு வெளியில் மாட்டிக்கொள்ளக் கூடியவை: பாட்டு செட், சீட் உறை, மிதியடி, சக்கர மூடி, போன் வைக்கும் பிடி. வலப்பக்கம், பிறகு மாட்டவே முடியாதவை அல்லது மாட்டினால் சரிப்படாதவை: ஏர்பேக், ஏபிஎஸ் பிரேக், பின்சீட்டில் மூன்று பேருக்கும் முழு பெல்ட், கழுத்து உயரத்துக்கு ஏற்றி இறக்கும் தலைச்சாய்வு, மழையில் பின்கண்ணாடிப் பனியைப் போக்கும் கம்பிச் சூடு. விற்பனைப் புத்தகத்தில் மாடல் வாரியாக டிக் போட்டிருப்பார்கள். மாடல்கள் அடிக்கடி மாறும் என்பதால் நீங்கள் போகும் அன்றைய புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மேல் மாடலில் வலப்பக்கச் சாமான் ஏதாவது கூடுதலாக வந்தால், கடன் வாங்கியாவது மேல் மாடலுக்குப் போங்கள். கூடுதலாக வருவதெல்லாம் இடப்பக்கம்தான் என்றால் ஆரம்ப மாடலே போதும்.

பத்து வருஷத்துக்கு முன் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் என் பதில் வேறு. அப்போது ஆரம்ப மாடல் என்றால் பாட்டும் இருக்காது, ஏர்பேக்கும் இருக்காது. இப்போது சட்டம் மாறிவிட்டது. ஏபிஎஸ் பிரேக் கட்டாயம். முன்சீட் இரண்டுக்கும் ஏர்பேக் கட்டாயம். ஹூண்டாய் 2023 அக்டோபரில் தன் எல்லா கார்களிலும் எல்லா மாடல்களிலும் 6 ஏர்பேக் என்று அறிவித்தது. மாருதியும் 2025-இல் ஆல்டோ கே10, வேகன் ஆர் போன்ற சின்ன கார்களுக்கு அதைக் கொண்டுவந்தது. அதாவது, உயிரைக் காக்கும் சாமான்களில் கீழ் மாடலுக்கும் மேல் மாடலுக்கும் இருந்த இடைவெளி பல கார்களில் குறைந்துவிட்டது. மிச்சமிருப்பது பெரும்பாலும் பளபளப்பு வித்தியாசம்.

பளபளப்பைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பட்டு வாங்க வெளியூரிலிருந்து வருபவர் என்ன பார்க்கிறார்? கடையில் போட்ட விளக்கில் புடவை மின்னுகிறதா என்று பார்க்கிறார், கொடுக்கும் அட்டைப்பெட்டி அழகாக இருக்கிறதா என்று பார்க்கிறார். நம் வீட்டுப் பெரியவர்கள் என்ன பார்ப்பார்கள்? ஜரிகை இழையைச் சுரண்டி, உள்ளே பட்டு நூல் இருக்கிறதா, அதன் மேல் சுற்றியது வெள்ளியா செம்பா என்று பார்ப்பார்கள். உடலும் கரையும் சேரும் இடத்தில் கோர்வை நிற்கிறதா என்று இழுத்துப் பார்ப்பார்கள். புதிதில் போலி ஜரிகையும் அசலைப் போலவேதான் மின்னும். வித்தியாசம் தெரிவதற்குக் காலம் ஆகும். புடவையில் இவ்வளவு விவரமாக இருக்கும் நாம், கார் ஷோரூமுக்குள் நுழைந்ததும் தொடுதிரையைத் தடவிப் பார்த்து மயங்கலாமா? தொடுதிரை அட்டைப்பெட்டி. ஏர்பேக்கும் பிரேக்கும்தான் ஜரிகை.

அடுத்து, ஓட்டுகிறவர் காது. 2019 ஜூலை 1 முதல் தயாராகும் ஒவ்வொரு காரிலும் சில ஒலிகள் இருந்தே ஆக வேண்டும் என்று அரசு விதி போட்டிருக்கிறது. முன்சீட் பெல்ட் போடாவிட்டால் ஒலி. பின்னால் வரும்போது தடை இருந்தால் சென்சார் ஒலி. எவ்வளவு மலிவான காரானாலும் இவை உண்டு. யோசித்துப் பாருங்கள், காருக்கு அவசியமான ஒலி எது என்பதைச் சட்டம் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. பாட்டு அந்தப் பட்டியலில் இல்லை.

நம் ஊர்த் தெருக்களில் ஓட்டுபவர்களுக்குக் காது இன்னும் முக்கியம். விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவு விரித்திருப்பார்கள். திருவிழா நாளில் நாலு ராஜ வீதியிலும் குழந்தைகளும் வயதானவர்களும் எந்தப் பக்கத்திலிருந்தும் வருவார்கள். 2019-இல் அத்திவரதர் தரிசனம் நடந்த நாட்களில் நம் தெருக்கள் எப்படி இருந்தன என்று யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்ட கூட்டத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, பாட்டை உரக்க வைத்துக்கொண்டு ஓட்டுபவருக்கு, பின்சக்கரத்தின் அருகே "நிறுத்து, நிறுத்து" என்று ஒருவர் கத்துவது காதில் விழாது.

எதிர்க்கட்சி வாதத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். என் மருமகப்பிள்ளை தினமும் ஒரகடம் வரை தனியாக ஓட்டிக்கொண்டு போய் வருகிறவர். "மாமா, வீடு வந்து சேரும்வரை பாட்டுதான் துணை" என்கிறார். அவர் சொல்வது சரி. எனக்கு அது புரியாமல் இல்லை. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் தறிக்குழியில் உட்கார்ந்த எத்தனையோ பேருக்கு இலங்கை வானொலிதான் துணை. கையும் காலும் வேலையில் இருக்கும், காது சும்மா இருக்கும். ஒரே மாதிரி வேலையை மணிக்கணக்கில் செய்பவனுக்குப் பாட்டு ஒரு வாய் காபி மாதிரி. ஆகவே தினமும் தனியாக நெடுந்தூரம் ஓட்டுபவர்கள், வாடகை வண்டி ஓட்டுபவர்கள், தாராளமாகப் பாட்டு செட்டோடு வாங்குங்கள். அது அவர்களுக்கு ஆடம்பரம் இல்லை. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். தூக்கத்துக்குப் பாட்டு மருந்து ஆகாது. நெடுஞ்சாலையில் இரவில் கண் சொக்கினால் சத்தத்தைக் கூட்டாதீர்கள். வண்டியை ஓரம் கட்டி அரை மணி நேரம் தூங்குங்கள்.

இன்னொரு நியாயமான வாதம், வானொலிச் செய்தி. சில மின்சார கார்களில் ஏஎம் வானொலியை எடுத்துவிட்டார்கள், மோட்டாரின் மின்காந்தத் தொந்தரவால் கரகரப்பு வருகிறது என்று காரணம் சொன்னார்கள். அமெரிக்காவில் போர்டு கம்பெனியும் எடுக்கப் போவதாகச் சொல்லி, ஆபத்துக் காலத்து அறிவிப்பு மக்களுக்குப் போய்ச் சேராது என்ற எதிர்ப்பு வந்ததும் 2023 மே மாதம் முடிவை மாற்றிக்கொண்டது. நமக்கும் 2015 டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கிறது. பல இடங்களில் போனே வேலை செய்யவில்லை. அதற்காகக் காருக்கு அறுபதாயிரம் கூட்ட வேண்டியதில்லை. பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ ஒன்று வாங்கி வீட்டில் வையுங்கள். வெளியூர் போகும்போது அதையே வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டு செட் இல்லாத காரை வாங்குபவர்கள் செய்யக் கூடாதது ஒன்று உண்டு. அதற்கு ஈடாகப் போனைக் கையில் எடுக்கக் கூடாது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, ஓட்டும்போது கையில் போன் பிடிப்பது அபாயகரமாக ஓட்டும் குற்றத்தில் சேரும். முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், சிறைத் தண்டனைக்கும் இடம் இருக்கிறது. வழி பார்ப்பதற்கு மட்டும் 2020 அக்டோபர் முதல் விதியில் இடம் கொடுத்திருக்கிறார்கள். அதற்கும் பிடியில் மாட்டி, கிளம்பும் முன்பே ஊர்ப் பெயரைப் போட்டுவிடுங்கள். காதில் இயர்போன் சொருகிக்கொண்டு ஓட்டவே வேண்டாம்.

பிறகு செட் மாட்ட நினைப்பவர்கள் வண்டி எடுக்கும் முன்பே இரண்டு கேள்வி கேளுங்கள். டேஷ்போர்டு வரைக்கும் ஸ்பீக்கர் வயர் இழுத்திருக்கிறார்களா? வயரை வெட்டாமல் கப்ளரில் சொருகும் செட் கம்பெனியே தருகிறதா? வெளியில் மாட்டினாலும் வயரை வெட்டி ஒட்டுப் போட விடாதீர்கள். வாரண்டிக்கும் சிக்கல், ஷார்ட் சர்க்யூட் ஆனால் வண்டிக்கே ஆபத்து.

இனி, கணக்கில் வராத ஒன்று. இதை வாத்தியாராக இல்லாமல், தாத்தாவாகச் சொல்கிறேன்.

இன்றைக்கு வீட்டில் ஆளுக்கு ஒரு போன், ஆளுக்கு ஒரு மூலை. சாப்பாட்டு மேசையில்கூடத் திரை. நாலு பேர் அருகருகே உட்கார்ந்து, எழுந்து போகவும் முடியாமல், ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் இருக்கும் இடம் இனி கார் ஒன்றுதான். பிள்ளைகள் முகத்துக்கு நேரே சொல்லத் தயங்குவதைப் பின்சீட்டிலிருந்து சொல்வார்கள். மார்க் குறைந்ததை, பள்ளியில் யாரோ அடித்ததை, படிக்க நினைக்கும் படிப்பு வேறு என்பதை. முகம் பார்க்க வேண்டியதில்லை அல்லவா, அதனால் வாய் திறக்கும். வயதான அப்பாவும் அப்படித்தான். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால், சொல்ல வந்ததை முழுங்கிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

கோர்வைத் தறியில் இரண்டு பேர் உட்கார்ந்து நெய்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். இந்தப் பக்கத்து ஆளும் அந்தப் பக்கத்து ஆளும் ஒருவர் கையை ஒருவர் அறிந்து நாடாவை விட்டால்தான் கரை உடலோடு சேரும். குடும்பமும் அப்படி ஒரு வேலைதான். அதற்குக் கொஞ்சம் அமைதி வேண்டும். பாட்டு செட் இருக்கும் காரிலும் அதை அணைத்து வைக்கலாமே என்று கேட்கலாம். அணைக்கலாம். ஆனால் இருக்கும் பொருளை யார் அணைக்கிறார்கள்? நீங்களே சொல்லுங்கள்.

கடைசியாக, உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதற்காகத்தான் இவ்வளவு எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம்.

என்னிடம் கேட்ட பிள்ளைகள் யாருமே "பாட்டு இல்லாமல் எங்களால் இருக்க முடியாது" என்று சொல்லவில்லை. "சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள்?" என்றுதான் சொன்னார்கள். கல்யாண வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் "டாப் எண்டா? ஓ, பேஸ் மாடலா? பாட்டுகூடக் கிடையாதா?" என்று நாம் கேட்கும் அந்த ஒரு வரி இருக்கிறதே, அதன் விலைதான் தொண்ணூறாயிரம். ஷோரூம்காரர் நம் வாயைக் கடனாக வாங்கித்தான் வியாபாரம் செய்கிறார். தறியிலும் கம்பெனியிலும் உழைத்து ஒரு பிள்ளை முதல் காரை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தால், எலுமிச்சம்பழம் வைத்து ஆசீர்வாதம் செய்யுங்கள். "அப்பாவை எங்கே முதலில் கூட்டிக்கொண்டு போகப் போகிறாய்?" என்று கேளுங்கள். மாடலைக் கேட்காதீர்கள்.

பிள்ளைகளே, ஷோரூமுக்குப் போகும்போது நான் சொன்ன கோடு போட்ட காகிதத்தை மறக்காமல் எடுத்துப் போங்கள். கையெழுத்துப் போடும் முன் சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் நான் சும்மாதான் இருப்பேன்.

நலமாக இருங்கள். நிதானமாக ஓட்டுங்கள்.

என்றும் உங்கள்,
கணக்கு வாத்தியார்